ஒத்தப் பேப்பர் அக்கா

எங்கள் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மாணவர்களிலிருந்து காவலாளி வரை எல்லோருக்கும் அவள் 'ஒத்தப் பேப்பர் அக்கா'தான். அவள் கோபித்துக்கொண்டதும் இல்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

அவளும் இதே கல்லூரியில் வேதியியல் படித்தவள். பட்டப்படிப்புக்கு மொத்தம் முப்பத்திரண்டு பேப்பர். முப்பத்தொன்றில் தேறிவிட்டாள். செய்முறைத் தேர்வில் அந்த வருடம் அவள்தான் முதல். ஆனால் எந்தப் பாடத்தை எடுத்துப் படித்தாலும் முதல் இரண்டு வருடம் ஆங்கிலமும் படித்துத் தேற வேண்டும் என்பது விதி. முதல் வருடம் கட்டுரை, கடிதம், சுருக்கி எழுதுதல். அதை மூன்றாவது முயற்சியில் எப்படியோ தாண்டினாள். இரண்டாம் வருடம் கதை, கவிதை, நாடகம். அங்கே மாட்டிக்கொண்டாள்.

நான் தேர்வுப் பிரிவில் குமாஸ்தா. வருடத்துக்கு இரண்டு தடவை அவளுடைய விண்ணப்பம் என் ஜன்னல் வழியாகத்தான் வரும். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், அடுத்த வருடமே இங்கே லேபில் உதவியாள் வேலை. மகள் பிறந்தபோது விட்ட ஒரு தடவையைக் கழித்தால், பத்து வருடத்தில் பத்தொன்பது தடவை எழுதியிருந்தாள்.

"என்னம்மா, மறுபடியுமா?" என்பேன்.

"என்னண்ணா பண்றது? இங்கிலீஷ் எனக்கு மாமியார் மாதிரி. எவ்வளவு செஞ்சாலும் ஒரு குறை இருந்துட்டேதான் இருக்கும்" என்று சிரிப்பாள்.

லேபில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தப் புட்டியில் எந்த அமிலம், எது நாள்பட்டு நீர்த்துப்போனது, எந்தத் தராசு அரை மில்லிகிராம் பொய் சொல்லும் எல்லாம் அத்துப்படி. வெள்ளி நைட்ரேட் பட்டுப்பட்டு விரல் நுனிகள் கறுத்துக் கிடக்கும். பேராசிரியர் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பிறகு மாணவர்கள் அவளைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். "அக்கா, எனக்கு மட்டும் கலர் மாறவே மாட்டேங்குதுக்கா." அவள் எட்டிப் பார்ப்பாள். "இண்டிகேட்டர் ஊத்தினியா?" பையன் தலையைச் சொறிவான். "பருப்பே போடாம குழம்பு கொதிக்கலன்னு அழறான் பாரு" என்பாள். அந்த மேசையே சிரிக்கும்.

போன வருடத் தொடக்கத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. அவளுக்கு மேலே இருந்த லேப் அசிஸ்டென்ட் ஜூனில் ஓய்வு பெறப்போகிறார் என்பது ஒன்று. அந்த இடத்துக்குப் பட்டம் வேண்டும். துறைத் தலைவி அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "ஜூனுக்குள்ள சர்டிபிகேட்ட கொண்டு வா. இந்த இடம் உனக்குத்தான். வேற யாரையும் நான் பார்க்கப் போறதில்ல."

இன்னொன்று பல்கலைக்கழகச் சுற்றறிக்கை. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவனே நான்தான். பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் தேர்வே கடைசி வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால், புதிய பாடத்திட்டத்தில் முதலிலிருந்து சேர வேண்டும். அதில் ஆங்கிலம் மட்டும் நான்கு பேப்பர்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "ஒண்ணையே தாண்ட முடியல. நாலாண்ணா?" என்றாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆங்கிலத் துறையில் ஒப்பந்தத்தில் இருந்த ஓர் இளைஞரிடம் போய்க் கேட்டாள். அவளைவிட ஆறேழு வயது சின்னவர். ஒரு வகுப்புக்கு நூறு பேர் வீதம் இரண்டு வகுப்புக்குக் கட்டுரைத் திருத்தம் அவர் தலையில். ஆனாலும் மறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தராசு அறையில் பாடம் நடந்தது. மின்விசிறி போட்டால் தராசு ஆடும் என்பதால் இருவரும் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்கள். நானும் சில நாள் என் சாப்பாட்டு டப்பாவோடு போய் உட்கார்ந்ததுண்டு.

அந்தப் பேப்பரில் ஒரு கதை உண்டு. கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவருக்கு மெல்ல மெல்லக் காது கேட்காமல் போகிறது. ஆனாலும் கடையை மூடாமல் வேலையைத் தொடர்கிறார். அவ்வளவுதான் கதை. பத்து வருடமாகச் சொல்லுக்குச் சொல் அகராதி பார்த்து அதைப் படித்தவள் அவள். பக்கத்து வீட்டுக்காரரைவிட அந்தக் கடிகாரக்காரரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இதுல அனேகமா ஒரே கேள்விதான் வரும்கா. அவரோட தனிமையப் பத்தி எழுதுன்னு கேப்பாங்க. கைடுல இருக்கிற விடைய அப்படியே மனப்பாடம் பண்ணிடுங்க" என்றார் அவர்.

"ஆனா அவர் தனியா இல்லையே சார்."

"என்னது?"

"காது போன பிறகும் கடிகாரம் ஓடுதான்னு நகத்த வச்சுப் பார்க்கிறாரு இல்ல? நானும் அப்படித்தான் சார். கலர் மாறப்போற அந்தச் சொட்டு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சிடும். கையில வேலை இருக்கிறவன் எப்படி சார் தனியாளாவான்?"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா திருத்தறவங்க கைடுல இருக்கிறதத்தான் தேடுவாங்க. ஒரு தடவை நான் சொல்றத கேளுங்க."

கேட்டாள். இரண்டு மாதம் பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸிலும் வாய் முணுமுணுத்தபடியே இருந்தாள். பம்பு மெக்கானிக்கான கணவர் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். நான்காவது படிக்கும் மகள் கைடைப் பிடித்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்லுவாளாம். நான்கு வரிக்கு மேல் நிற்கவில்லை. "புரியாதது எனக்கு ஒட்டவே மாட்டேங்குதுண்ணா. கல்லுல நார் உரிக்கிற மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

ஏப்ரலில் தேர்வு. முடித்துவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். பத்து வருடத்தில் அப்படியொரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"அந்தக் கதைதான் வந்துச்சுண்ணா. மனப்பாடம் பண்ணினது பாதியில மறந்துபோச்சு. சரி போன்னு எனக்குத் தோணினத எழுதிட்டேன். ரெண்டு பக்கம்! பேனாவே நிக்கல."

"நல்லதும்மா" என்றேன். ஆனால் தோன்றியதை எழுதினால் என்ன மார்க் விழும் என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக விடைத்தாள் கட்டுகளைக் கட்டியும் பிரித்தும் பார்த்தவன் நான்.

முடிவு வந்தது. தேற நாற்பது வேண்டும், அவளுக்கு முப்பத்துநான்கு. மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டு, விடைத்தாள் நகலையும் வாங்கினோம். தராசு அறையில் அந்த இளைஞர் அதைப் பிரித்தார். கடிகாரக்காரர் கேள்விக்குப் பதினைந்துக்கு இரண்டு. ஓரத்தில் சிவப்பு மையில் 'கேள்விக்குப் பொருந்தாது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

அவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். "இருநூறு பேருக்கு இந்தக் கதைய நடத்தியிருக்கேன்கா. ஒருத்தர்கூட இப்படிச் சொன்னதில்ல."

"அப்புறம் ஏன் சார் ரெண்டு மார்க்?"

"பாதி வாக்கியத்துல வினைச்சொல்லே இல்ல. நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். திருத்தினவருக்குத் தெரியாதே."

"நீங்க திருத்தியிருந்தா எவ்வளவு போட்டிருப்பீங்க?"

அவர் தாளை இன்னொரு தடவை புரட்டினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நாலு" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு நகலை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு மணிக்கு வகுப்பு இருந்தது. பியூரெட் குழாய்களைக் கழுவப் போய்விட்டாள்.

மறுமதிப்பீட்டில் மூன்று கூடி முப்பத்தேழு வந்தது. துறைத் தலைவி கல்லூரி முதல்வரிடம் பேசினார். குறையும் மூன்று மார்க்கைச் சலுகையாகத் தரக் கேட்டு முதல்வர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். இரண்டே வரியில் பதில் வந்தது: விதிமுறையில் இடமில்லை. கணவர் அவளைத் திட்டவில்லை. "பத்து வருஷமா ஒரே கதவத் தட்டிட்டு இருக்க. உள்ள ஆள் இல்லன்னு விட்டுடு" என்றாராம்.

பழைய பாடத்திட்டத்தில் முடிக்காதவர்களின் பதிவு அட்டைகளைத் தனியாக எடுத்துக் கட்டிப்போடச் சொல்லி உத்தரவு வந்தது. அவளுடைய அட்டையில் கையெழுத்து வாங்க நானே லேபுக்குப் போனேன்.

"நான் பாஸ் பண்ணின முப்பத்தொண்ணும் என்னண்ணா ஆகும்?"

"அது அப்படியே இருக்கும்மா."

"எங்க?"

அலமாரியில் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜூலையில் புது லேப் அசிஸ்டென்ட் வந்தாள். இருபத்துமூன்று வயது, பட்டதாரி, நல்ல பெண். வந்த அன்றே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நீங்கதான் சொல்லித்தரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். ஒத்தப் பேப்பர் அக்கா ஒரு வாரம் உடனிருந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தாள். எதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாணவர்கள் சந்தேகம் கேட்டு வந்தால், "அவங்ககிட்ட கேளுப்பா" என்று புதியவளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பருப்பு, குழம்பு என்ற பேச்செல்லாம் நின்றுபோயிற்று. ஆங்கிலத் துறை இளைஞரின் ஒப்பந்தத்தையும் அந்த வருடம் புதுப்பிக்கவில்லை. எங்கே போனார் என்று தெரியவில்லை.

செப்டம்பரில் அவள் மறுபடி என் ஜன்னலுக்கு வந்தாள். கையில் ஒரு தாள். நூலகத்துக்கோ விடுதிக்கோ மாற்றித் தரும்படி கேட்டு எழுதியிருந்தாள்.

"எதுக்கும்மா?"

"அங்க நிக்க முடியலண்ணா" என்றாள்.

முறைப்படி அதைத் துறைத் தலைவிக்கு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. 'இவர் இல்லாமல் ஆய்வகம் இயங்காது, எனவே பரிந்துரைக்க இயலாது' என்று எழுதியிருந்தார். பாராட்டி எழுதியதாகத்தான் அவர் நினைத்திருப்பார். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, மேசை டிராயரில் போட்டு மூடினாள். உள்ளே யாரோ கண்ணாடிக் குடுவையைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.