கிளி வாய் திறந்த மத்தியானம்

மேட்டூரில் அணை கட்டும் வேலைக்குக் குடும்பத்தோடு போன பக்கத்து வீட்டுக்காரர், கிளிக்கூண்டைக் கொல்லையிலேயே விட்டுப் போய்விட்டார்.

நெஞ்சிறகைத் தானே பிடுங்கிக்கொண்டு கிடந்த கிளியைக் கூண்டோடு எடுத்துவந்து என் தறிக்குப் பக்கத்தில் மாட்டினேன். ஒரு மாதமாகக் கொய்யாப்பழம் தின்றது. ஒரு சத்தமும் போடவில்லை.

இன்று மத்தியானம் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் தறி தானாக ஓடியது. பச்சைச் சேலை வாய்க்கால் போல நெளிந்து வீதியில் போய்க்கொண்டே இருந்தது.

"தறிய நிறுத்திட்டுச் சாப்புட வாங்க," என்று மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

விழித்தேன். என் கைகள் மடியில் கிடந்தன. கிளிதான் கண்ணை மூடிக்கொண்டு டடக்கு டடக்கு என்று என் தறியின் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு நிக்காம ஓட்டறீங்களே, எத்தன முழமுங்க ஆச்சு?" என்று சோறு போடும்போது கேட்டாள்.

இப்போதுதான் வாய் திறந்த கிளியைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. அவளிடம் எத்தனை முழம் என்று சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.