பிள்ளையின் படிப்புக்காக வந்தவர்கள்

லண்டன் டூட்டிங் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை வெளிநாட்டு மாணவி என்று எழுதி அனுப்பினால் எந்தத் தாய்க்குத்தான் பற்றிக்கொண்டு வராது? தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று, கல்லூரியிலிருந்து வந்த மின்னஞ்சலை மகள் வாசித்துக் காட்டினாள். கரண்டியை அடுப்பில் அப்படியே போட்டேன்.

"திரும்ப வாசி."

"அம்மா, எத்தினை தரம் வாசிச்சாலும் அதுதான்."

ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கிறவர்களுக்கான படிப்பு அது. அவளுக்கு அதில் பைத்தியம். அந்தக் கல்லூரியில் ஒரே வகுப்பு, ஒரே கதிரை, ஒரே ஆசிரியர். ஆனால் இந்த நாட்டுப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுப் பிள்ளைக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு விட்டாலும் பரவாயில்லை. வெளிநாட்டு மாணவி என்றால் அரசாங்கத்தின் படிப்புக் கடனும் கிடைக்காது. எங்கள் கையில் அவ்வளவு காசு இல்லை. இந்த முடிவு மாறாவிட்டால் மகளுக்குப் படிப்பு இல்லை. வகுப்பு தொடங்க முன்னர் மாறவும் வேண்டும், இல்லாவிட்டால் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

"பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைச்சிருக்கிறாய். இஞ்சை பிறந்தனி. உவங்களுக்கு என்ன கண் தெரியாதே?" என்று கத்தினேன்.

"பாஸ்போர்ட் மட்டும் காணாதாம். வகுப்புத் தொடங்க முதல் மூண்டு வருஷம் இஞ்சை குடியிருந்திருக்க வேணும்."

"மூண்டுக்கு மேல இருந்திட்டமே!"

"ஓம். ஆனா எதுக்காக வந்து இருந்தனாங்கள் எண்டும் பாப்பினம். படிக்கிறதுக்கெண்டே வந்து இருந்திருந்தால், அந்தக் காலத்தைக் கணக்கில எடுக்க மாட்டினம்."

"நீ என்ன எழுதினனி?"

"உண்மையைத்தான் எழுதினனான். என்ரை படிப்புக்காக வந்தனாங்கள் எண்டு."

மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த என் கணவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டார்.

இதை விளங்கப்படுத்த வேண்டும். நாங்கள் முதலில் லண்டனில்தான் இருந்தோம். அவர் அகதியாக வந்தவர், பிறகு குடியுரிமை எடுத்தார், எனக்கும் கிடைத்தது. மகள் சின்னவளாய் இருக்கும்போது எனக்கு இந்த ஊர் வெறுத்துவிட்டது. ஒரே அறையில் மூன்று பேர், சுவரெல்லாம் ஈரம், அவருக்கு எந்நேரமும் ஷிப்ட். நான் பிள்ளையோடு யாழ்ப்பாணம் போய் ஒரு தையல் கடை போட்டேன். இரண்டு பெண்கள் என்னிடம் வேலை செய்தார்கள், கல்யாண சீசனில் இருக்க நேரம் இராது. அவர் இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் நின்று உழைத்தார். பிறகு ஒரு நாள் கடையை மூடிவிட்டு, பதினைந்து வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். ஏன் என்று ஊரே கேட்டது. பிள்ளையின்ர படிப்புக்காக என்றேன்.

அதைவிட நல்ல பதில் எங்கள் சனத்திடம் கிடையாது. சுவிஸை விட்டு வந்தவர்களும் அதையே சொல்வார்கள், ஜெர்மனியை விட்டு வந்தவர்களும் அதையே சொல்வார்கள். சொன்னவுடன் கேட்கிறவர் தலையை ஆட்டி, "அதுதானே, பிள்ளையளுக்காகத்தானே எல்லாம்" என்பார். அதற்குமேல் ஒரு கேள்வியும் வராது. கோயிலில் சொன்னேன், கடையில் சொன்னேன், மகளின் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். மகளிடமும் அதையேதான் சொன்னேன். அவள் பாவம், நம்பி எழுதிக்கொடுத்துவிட்டாள்.

உண்மை வேறு. என் கணவர் விழுந்துவிட்டார். காலோ கையோ முறியவில்லை, மனசு விழுந்துவிட்டது. அப்போது அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர், இப்போது கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறார், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிறவர். அவர்தான் எனக்குப் போன் எடுத்து, "தங்கச்சி, நீர் வாறது நல்லது. நான் இதுக்கு மேல போனில கதைக்க மாட்டன்" என்றார். வந்து பார்த்தேன். பகலிலும் திரைச்சீலை மூடிய அறை. தாடியோடு ஒரு மனிதர், என்னைக் கண்டும் எழும்பவில்லை. மகளிடம் அப்பாவுக்கு நாரி நோ, இடுப்பு வலி என்று சொன்னேன். டொக்டர், மருந்து, கதைத்துப் பேசும் சிகிச்சை என்று ஒரு வருடம் இழுபட்டு, பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தார். இப்போது ஒரு மொத்த வியாபாரக் கடையில் பகல் வேலை.

எங்கள் ஆட்களிடம் கான்சர் என்று சொல்லலாம், கிட்னி என்று சொல்லலாம், கண்ணீரோடு சோறும் கறியும் கொண்டுவருவார்கள். மனசு சரியில்லை என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் அது விசர், பைத்தியம் என்று திரும்பி வரும். அதற்கு அடுத்த நாள், "உது பரம்பரையா வாற வருத்தமெல்லோ" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், மகளுக்கு வருகிற சம்பந்தமெல்லாம் வாசலோடு நின்றுவிடும். அதற்குப் பயந்துதான் வாயைத் தைத்துக்கொண்டேன். தையல்காரி அல்லவா, நன்றாகவே தைத்திருந்தேன்.

முறையீடு செய்தோம். நேரில் வந்து விளங்கப்படுத்தச் சொன்னார்கள். மகள் வராமல் நாங்கள் மட்டும் போக வழி இருக்கவில்லை, விண்ணப்பம் அவளுடையது, அவள் வளர்ந்த பிள்ளை. அண்ணை போனில், "வீட்டுக்குக் கட்டின கவுன்சில் டாக்ஸ் பில்லைக் கொண்டுபோய்க் காட்டும், எல்லாம் சரிவரும்" என்றார். "அண்ணை, எத்தினை வருஷம் எண்டதில அவைக்குச் சந்தேகமில்லை. ஏன் வந்தனாங்கள் எண்டதிலதான்" என்றேன். "விளங்குது தங்கச்சி" என்றார். அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஞாயிறு காலை, மகள் வெளியே போயிருந்த நேரம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கணவரிடம் போய் நின்றேன்.

"இஞ்சாருங்கோ, நான் அங்கை சொல்லட்டே?"

அவர் நிமிரவில்லை. "பிள்ளை என்ன நினைப்பாள்?"

"சொல்லாட்டிப் படிப்புப் போயிடும்."

"தெரியும்" என்றார். அவ்வளவுதான். வெங்காயத்தை உரித்து முடித்தார். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வெங்காயச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தபோது பயம்தான் வந்தது. இதை வெளியே எடுத்தால் மனிதர் திரும்ப விழுந்துவிடுவாரோ? பிள்ளையைக் காப்பாற்றப் போய் இவரை இழந்துவிடுவேனோ? அந்தக் கிழமை முழுக்க அவர் இரவு சாப்பிட்டாரா, காலையில் முகம் வழித்தாரா என்று கள்ளமாய்ப் பார்த்துக்கொண்டே திரிந்தேன்.

கல்லூரி வரவேற்பு மேசையில் இருந்தவள் எங்கள் ஆள். என் நெற்றியில் திருநீற்றைக் கண்டதும் முகம் மலர்ந்து, "அன்ரி, தமிழோ? ஊரில எந்த இடம்?" என்றாள். இடத்தைச் சொன்னால் பள்ளிக்கூடத்தைக் கேட்பாள், பள்ளிக்கூடத்தைச் சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவாள். "யாழ்ப்பாணம்" என்று மட்டும் சொன்னேன். "அதில எந்த இடம்?" என்றாள் விடாமல். நல்லகாலம், எங்கள் மூன்று பேரையும் மேலே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கட்டணம் தீர்மானிக்கிற அந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் முகத்தில் கோபமுமில்லை, சிரிப்புமில்லை. மேசையில் மடிக்கணினி. நிதானமாகவே விளங்கப்படுத்தினார். குடும்பம் வேறு காரணத்துக்காக இங்கே வாழ வந்து, வந்த இடத்தில் பிள்ளை படித்திருந்தால் அந்த வருடங்கள் செல்லும். படிப்புக்காகவே வந்திருந்தால் செல்லாது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், நீங்கள் திரும்பி வந்ததன் முக்கியமான காரணம் என்ன?

நான் இங்கிலீஷில்தான் தொடங்கினேன். என் இங்கிலீஷ் கடைக்குக் காணும், கவுன்சிலுக்குக் காணும். இதற்குக் காணவில்லை. இரண்டு வசனத்தில் சொல் தீர்ந்துவிட்டது. பெண்மணி போனை எடுத்தார். கீழே தமிழ் பேசுகிற ஒருவர் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்றார்.

"நோ, நோ!" என்று கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். "மை டோட்டர். மை டோட்டர் வில் டெல்."

மகள் என்னை விசித்திரமாய்ப் பார்த்தாள். இங்கே திரும்பி வந்த நாளிலிருந்தே டொக்டரிடமும் வங்கியிலும் எனக்காகக் கதைத்துப் பழகியவள்தான். ஆயத்தமாய் நிமிர்ந்து இருந்தாள்.

"என்ரை தையல் கடை நல்லா ஓடினது எண்டு சொல்லு." சொன்னாள்.

"நீ அங்கை நல்ல பள்ளிக்கூடத்தில படிச்சனி, வகுப்பில முதலாவதா வந்தனி, படிப்புக்கெண்டு இஞ்சை வரவேண்டிய தேவை இருக்கேல்லை எண்டு சொல்லு."

திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, என்ன சொல்லுறீங்கள்?"

"சொல்லு பிள்ளை." சொன்னாள்.

"அண்ணை எனக்குப் போன் எடுத்தவர். அப்பா வேலைக்குப் போகாமல் விட்டிட்டார் எண்டவர்." அதையும் சொன்னாள், ஆனால் குரல் இறங்கிவிட்டது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் கொட்டினேன். "கதவு திறக்கிறாரில்லை, சாப்பிடுறாரில்லை, இனி இருந்து என்ன எண்டு கேக்கிறார் எண்டவர்."

மகளிடமிருந்து இங்கிலீஷ் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மகளின் வாய் திறந்தபடி இருக்கிறது. அந்தப் பெண்மணியும் எழுதுவதை நிறுத்திவிட்டார். கடவுளே, என் வாயால் இரண்டு பேரையும் கெடுத்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன்.

அப்போது என் கணவர் பேசினார். பெற்றோல் ஸ்டேஷனில் பழகிய இங்கிலீஷ், நேராய், கூட்டல் குறைச்சல் இல்லாமல். எனக்குச் சாகவேண்டும் போல் இருந்தது என்று என் மனைவி சொல்கிறாள், அது உண்மை என்றார். அவள் எனக்காக வந்தாள். பிள்ளையைத் தனியே விட முடியாது, அதனால் பிள்ளையும் வந்தாள். பிள்ளைக்கு இது தெரியாது, அதனால்தான் பிழையாக எழுதினாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. நாலு வருடமாய் நான் பொத்திப் பொத்தி வைத்ததை அந்த மனிதர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

உங்கள் டொக்டர் இதை உறுதிப்படுத்துவாரா என்று பெண்மணி கேட்டார். இவர் "ஓம்" என்று தமிழிலேயே சொன்னார். யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

பஸ்ஸில் மேல்தட்டில் ஏறினோம். மகள் எங்களோடு இருக்காமல் முன் இருக்கையில் தனியே போய் இருந்தாள். ஸ்ட்ரெதம் தாண்டியபிறகு திரும்பிக் கேட்டாள்.

"அப்ப, கடையை நீங்கள் எனக்காக மூடேல்லை."

"இல்லை."

"நான் பயோலஜியில குறைய எடுத்தநேரம், உனக்காகத்தான் கடையை மூடிட்டு வந்து இஞ்சை கிடக்கிறன் எண்டு கத்தினனீங்கள்."

"கத்தினனான்தான்" என்றேன்.

"நாலு வருஷம் அம்மா. ஒவ்வொரு சோதனைக்கும் உங்கடை கடையையும் சேத்தெல்லோ தூக்கிக்கொண்டு போனனான்!" என்றாள். குரல் உடைந்துவிட்டது. பஸ்ஸில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. எழுந்து வந்து, எனக்குப் பக்கத்தில் இல்லை, தகப்பனுக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தாள். அவருடைய ஜாக்கெட் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டொக்டர் எழுதிக் கொடுத்தார், அனுப்பினோம். பதில் வரவில்லை. வகுப்பு தொடங்குகிற நாள் கிட்ட வரவர வீட்டில் யாரும் சத்தமாய் மூச்சுக்கூட விடவில்லை. இவர் மட்டும் ஒழுங்காய் முகம் வழித்து வேலைக்குப் போய் வந்தார். கடைசியில், இனி இல்லை என்று நான் நம்பிக்கையைக் கைவிட்டிருந்த ஒரு பின்னேரம், மகள் படியில் குதித்துக்கொண்டு ஓடி வந்தாள். உள்நாட்டு மாணவி. உள்நாட்டுக் கட்டணம். கடனும் உண்டு. சாமிப்படத்துக்கு முன்னால் போய் விழுந்து கும்பிட்டேன்.

அடுத்த நாளே ஸ்ட்ரெதமில் இருக்கிற மச்சாள் போன் எடுத்தாள். இவருடைய சித்தப்பாவின் மகள். அவளுக்கு ஒன்றைச் சொன்னால் வானொலியில் சொன்ன மாதிரி. நான் சோறு வடித்துக்கொண்டிருந்ததால் மகள்தான் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கேள்விப்பட்டன் பிள்ளை, நல்ல சந்தோசம்! உன்ரை படிப்புக்காகத்தானே அம்மா எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவ."

"இல்லை மாமி" என்றாள் மகள். "அப்பாவுக்கு மனசு சுகமில்லாமல் வந்தது. அதுக்காகத்தான் வந்தனாங்கள். இப்ப அவர் நல்லா இருக்கிறார்."

எனக்குச் சட்டி கையால் நழுவப் பார்த்தது. வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த இவர் அப்படியே நின்றார். சரி, முடிந்தது, இன்றைக்கே லண்டன் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"பிள்ளை" என்றாள் மச்சாள். அது அவளுடைய குரலே இல்லை. "ஸ்பீக்கரை நிப்பாட்டிப்போட்டு அம்மாட்டைக் குடு."

ஈரக்கையோடு வாங்கினேன்.

"மச்சாள்" என்றாள், யாரோ பக்கத்து அறையில் படுத்திருக்கிறமாதிரி மெதுவாய். "என்ரை அண்ணையை எந்த டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்? இஞ்சை இவரும் மூண்டு மாசமா எழும்புறாரில்லை. நான் எல்லாருக்கும் நாரி நோ எண்டு சொல்லிக்கொண்டு திரியிறன்."

அடுப்பை நிறுத்தினேன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.