மகளின் தட்டில் விழுந்த கோழித்துண்டு

அக்காவின் கணவர் எங்களை ஸ்ட்ரெதம் பகுதியில் ஒரு சின்ன மெக்சிக்கோ உணவகத்துக்கு அழைத்துப் போனார். என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. நாக்கில் பட்டாலே தொண்டை வீங்கி மூச்சடைக்கும். பரிமாறும் பெண்ணிடம் அதை முதலிலேயே சொல்லி, மகளுக்கு மட்டும் தனியாகச் சமைக்கச் சொன்னேன்.

அத்தானுக்கு வந்தது கறுத்த குழம்பில் ஊறிய கோழி. ஒரு வாய் வைத்தவர், "எங்கட கறி மாதிரியே இருக்கு. சாப்பிடு பிள்ளை" என்று ஒரு துண்டை மகளின் தட்டில் போட்டார். அவள் எடுப்பதற்குள் பரிமாறும் பெண் ஓடிவந்து தட்டைப் பறித்தாள்.

"சாப்பிடுற பிள்ளையின்ர தட்டைப் பறிக்கிறதோ?" என்று அத்தான் கத்தினார். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் அந்தப் பெண்ணைத்தான் ஏசினேன்.

அந்தக் குழம்பே நிலக்கடலை அரைத்துச் செய்வது என்று அவள் சொன்னாள். நான் மகளின் வாயைத் திறந்து பார்த்தேன். அத்தானோ, "அன்பா வைச்சது ஒண்டும் செய்யாது" என்றார்.

அன்பாம்! கேட்காமல் பிள்ளையின் தட்டில் போடுவதற்குப் பெயர் அன்பா?

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எந்த விருந்திலும் மகளின் தட்டைக் கையால் மூடிக்கொள்கிறேன். பண்பில்லாதவள் என்கிறார்கள். சொல்லட்டும். அதைக் கேட்க என் மகள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறாள்.