மூடுபனி இசைத்தட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. மறதியும் சேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் இருந்தோம். என் கணவருக்கு இங்கிலாந்து ஆர்க்கெஸ்ட்ரா இசைமேல் திடீர்ப் பக்தி. ஜெர்மனிக்கு வந்து இங்கிலாந்துக்காரன் இசைத்தட்டுகளை வாங்கிக் குவித்த ஆள் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு வேலை செய்த தமிழ் என்ஜினியர்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். முதலில் இசைத்தட்டு, பிறகுதான் சோறு. ஒரு பக்கம் ஓடி முடியும்வரை யாரும் அசையக் கூடாது.

அன்று ஊரிலிருந்து வந்த கடைசிப் பொடியில் சாம்பார் வைத்திருந்தேன். அடுப்பை அணைக்க எழுந்தேன்.

"உக்காரு, ஸ்லோ மூவ்மென்ட் ஓடுது!" என்றார் கணவர். இசை மெதுவாகப் போகும் பகுதியாம்.

உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். சற்று நேரத்தில் கூடத்துக்குள் புகை வந்தது.

"கண்ணை மூடுங்க. இங்கிலீஷ் கிராமம், மூடுபனி. தெரியுதா?" என்றார் கணவர்.

"அப்படியே தெரியுது சார்," என்றார் ஒருவர், இருமிக்கொண்டே.

இசைத்தட்டு நின்றபோது பாத்திரத்தில் கரிதான் இருந்தது.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று என்மேல் பாய்ந்தார். விருந்தாளிகள் ரொட்டியும் ஊறுகாயும் தின்றுவிட்டு இசையைப் புகழ்ந்தார்கள்.

அந்த இசையை எழுதியவர் பெயர் மறந்துவிட்டது. முதல் உலகப்போருக்கு முந்தைய இசை என்று கணவர் சொன்னதாக ஞாபகம். அதில் உண்மையிலேயே மூடுபனி உண்டா என்று விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.