எழுபத்தைந்து சதவீத உடைசல்

மரிய புஷ்பத்துக்கு அறிக்கை எழுதுவதில் அப்படியொரு பெருமை. ஜெயங்கொண்டத்து முந்திரிக் கம்பெனியில் பதினாலு வருஷமாக அவள்தான் கிளார்க். மாசக் கடைசியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி முதலாளி ராசாங்கத்தின் மேஜையில் வைத்தால், அதில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. எண்பத்து மூணாம் வருஷம் ஏப்ரல் அறிக்கையில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள்: சதவீதம். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம்.

கொட்டை உடைத்துப் பருப்பு எடுக்க கம்பெனிக்கு இரண்டு கொட்டகை. வரதராசன்பேட்டையில் பெரியது, ஆபீசை ஒட்டிச் சின்னது. அந்த மாசம் உடைசலாகப் போன பருப்பு மொத்தம் ஆயிரத்து இருநூறு கிலோ. அதில் தொள்ளாயிரம் பெரிய கொட்டகையுடையது. எழுபத்தைந்து சதவீதம் என்று குண்டு குண்டாக எழுதினாள். முதலாளி அந்த ஒரு எண்ணைத்தான் பார்த்தார்.

"முக்காவாசி ஒடசல் அங்கதான்னா எப்படிம்மா கட்டுப்படியாவும்? பதினஞ்சாந்தேதியோட பெரிய கொட்டகைய மூடிடலாம்."

நோட்டீசையும் அவளையே எழுதச் சொல்லி, ஒட்டிவிட்டு வரச் சொன்னார். அறுபத்திரண்டு பெண்களின் பிழைப்பு. கணக்கு சரிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அன்று சனிக்கிழமை. பெரிய கொட்டகையில் ஒவ்வொருத்தியும் தன் முறத்திலிருந்து நூறு பருப்பை எண்ணி எடுத்து, அதில் உடைசல் எத்தனை என்று பார்க்கும் நாள். கொட்டைப்பால் சுடாமலிருக்கச் சாம்பல் பூசிய கையோடு இருசம்மாள் எண்ணி முடித்தாள்.

"எனக்கு நூத்துக்குப் பதினாலு ஒடசல்."

"எனக்குப் பதினாறு வந்துட்டுது," என்றாள் பக்கத்திலிருந்த கலியம்மாள்.

புஷ்பத்துக்குச் சுரீரென்றது. இவர்கள் தங்கள் உடைசலைத் தங்கள் பருப்பில் வைத்து எண்ணுகிறார்கள். தானோ இரண்டு கொட்டகை உடைசலையும் ஒன்றாகக் கொட்டி அதில் பங்கு பார்த்துத் தொலைத்தோமே! இங்கே எடுத்த பருப்பு ஆறாயிரம் கிலோ. அதில் தொள்ளாயிரம் என்றால் பதினைந்து சதவீதம்தான். சின்னக் கொட்டகை எடுத்ததே ஆயிரம். அதில் முந்நூறு உடைசல். முப்பது சதவீதம். வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் தலையில் கல்லைப் போடப் பார்த்தாளே, படுபாவி.

நோட்டீசை ஒட்டாமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். மானம் போனால் போகட்டும்.

"தப்பு பண்ணிட்டேங்க மொதலாளி. எதுல எத்தனைன்னு பாக்காம போட்டுட்டேன்."

புதுக் கணக்கைப் பார்த்து ராசாங்கம் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப சின்னதையில்ல மூடணும்?"

"வேணாங்க. அங்க பாதிப் பேரு மாசியில சேந்தவங்க. பேட்டையிலேருந்து நாலு பேர ஒரு மாசம் இவங்ககூட ஒக்கார வச்சிக் கத்துக்குடுக்கச் சொல்லிப் பாருங்க."

அவர் நோட்டீசை வாங்கி நாலாகக் கிழித்தார். புஷ்பத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை அந்த நாலு பேரைக் கூப்பிடப் போனவள், எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். இருசம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன் கிளார்க்கம்மா, அந்தத் தப்புல ஒங்க பங்கு நூத்துக்கு எத்தன?"

"நூறும் என்னுதுதான்."

இருசம்மாள் சாம்பல் கையாலேயே அவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, முறத்தை அவள் பக்கம் தள்ளினாள். "அப்ப இந்த வாரம் சனிக்கிழம வரைக்கும் காத்திருக்க வேணாம், எங்களுக்கு நீங்களே இப்ப எண்ணுங்க."