லூர்து மேரி விழுங்கிய மாத்திரைகள்

ஷைனி ஐந்தாவது வருடமாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தாள். பென்சில் பருமனுள்ள மின்முனையின் கறுத்த நுனியை அலுமினாப் பொடியில் எட்டு வடிவில் சுற்றித் தேய்ப்பாள், கழுவுவாள், கிராஃபீனில் துத்தநாக ஆக்சைடு கலந்த பூச்சை ஒரு சொட்டு வைத்துக் காயவிடுவாள். பிறகு அதைப் பாராசிட்டமால் கரைசலில் நிறுத்தி மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால் கணினித் திரையில் ஒரு மேடு எழும்பும். மருந்து கூடக் கூட மேடும் உயரும். அந்த உயரத்தை வைத்து மருந்தின் அளவைச் சொல்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீடு இருந்த மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரிக் கல்லூரிக்கு இரண்டு பஸ், திரும்ப இரண்டு பஸ். பாதி நாள் பூச்சு உரிந்து வந்துவிடும்.

ஆய்விதழிலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த கட்டுரையோடு ஒரு குறிப்பு இருந்தது: மனிதச் சிறுநீரில் சோதித்துக் காட்டவும்.

யாரிடம் போய்க் கேட்பது? அம்மா லூர்து மேரிக்குத் தோள்வலி. தோட்டத்தில் கூலிக்குத் தக்காளிக் கிரேடுப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வந்தது. தினம் ஒரு மாத்திரை போடுவதாகச் சொல்லியிருந்தாள். ஷைனி சின்ன பாட்டிலை நீட்டியபோது, "இதையெல்லாமா காலேஜுல படிக்கறீங்க?" என்று சலித்துக்கொண்டே வாங்கினாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஷைனியும் ஒரு மாத்திரை விழுங்கித் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டாள்.

ஷைனியின் மேடு சின்னதாக எழும்பி அடங்கியது. அம்மாவுடையது திரையை முட்டிக்கொண்டு போனது. பூச்சு கெட்டிருக்கும் என்று புதிதாகத் தேய்த்தாள். பத்து மடங்கு தண்ணீர் கலந்து பார்த்தாள். அப்போதும் மேடு ஷைனியுடையதைவிடத் தாழவில்லை. ஒரு மாத்திரைக்கு இவ்வளவு வராது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ம்மா, நெசமா சொல்லு. ஒரு நாளைக்கு எத்தினி போடற?"

"ஒண்ணுதான்டி."

"மெஷின் வேற சொல்லுது."

லூர்து மேரி அரிசி களைந்த கையைப் புடவையில் துடைத்தாள். "எந்திரிச்சதும் ரெண்டு. தோட்டத்துல ரெண்டு, சோறு தின்னதும் ரெண்டு. வூட்டுக்கு வந்து ரெண்டு. படுக்கறப்போ ரெண்டு. போடலன்னா கை தூக்க முடியல. பொட்டிக்கடையிலயே விக்குது, யாரு கேக்கறாங்க?"

"எவ்ளோ நாளா?"

"போன தை மாசத்துல இருந்து."

ஷைனிக்குத் திட்ட வேண்டும் என்றிருந்தது. தெம்பில்லை. தினமும் அந்த மருந்தையே அளந்துகொண்டிருந்தவள், வீட்டில் கேட்காமல் விட்டிருக்கிறாள்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் கெடத் தொடங்கியிருப்பது அதில் தெரிந்தது. "இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்களே" என்றார் டாக்டர். எல்லா மாத்திரையையும் நிறுத்தினார், கனம் தூக்கக் கூடாது என்றார்.

ஆய்வு வழிகாட்டி பாரதி மேடம் அம்மாவின் சிறுநீர் காட்டிய வரைபடத்தைப் பார்த்தார். "மனுஷங்ககிட்ட மாதிரி எடுக்க நெறிமுறைக் குழுகிட்ட முன்கூட்டி அனுமதி வாங்கலையே ஷைனி. இதப் பேப்பர்ல போட முடியாதும்மா."

"தெரியும் மேடம்."

அனுமதிக்கு விண்ணப்பம் எழுதி, வேறு ஆட்கள் கிடைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய நான்கு மாதமாயிற்று. அதற்குள் லூர்து மேரியின் ரத்தப் பரிசோதனை சீரானது. இப்போது கனம் தூக்காமல் காய்கறி மண்டியில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரிக்கிறாள். வலி போகவில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தபோது ஷைனி பாலக்கோடு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். ஒருமுறை படித்துவிட்டு, பக்கத்து சீட் காலியானதும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.