நண்டுமேட்டுக்குப் போகும் வழி

"நண்டுமேடு, நண்டுமேடு, நண்டுமேடே!" என்று திருவொற்றியூர் ரயிலடியில் தொண்டை கிழியக் கூவுகிறாள் செங்கொடி. மற்ற ஷேர் ஆட்டோக்காரர்கள் அந்த நிறுத்தத்தைப் புதிய அடுக்ககத்தின் பெயரால் 'ப்ளூ கோஸ்ட்' என்று கூவப் பழகிவிட்டார்கள். யாராவது இவளிடம் "ப்ளூ கோஸ்ட் போகுமா?" என்று கேட்டுவிட்டால் போச்சு.

"அப்டி ஒரு ஊரே இல்லக்கா. நண்டுமேடு கீது. ஏர்றதுன்னா ஏறு."

சிலர் சிரித்தபடி ஏறுவார்கள். சிலர் அடுத்த வண்டிக்குப் போவார்கள். போகட்டும்.

புடவைமேல் காக்கிச் சட்டை, ஐம்பதைத் தொடும் வயது, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கோபம் வந்தால் அதைக் கடித்துத் துப்பிவிட்டு வேறொன்று போட்டுக்கொள்வாள். மாதாமாதம் கிராம்பு நிறைய ஆகிறது.

வண்டி ஓட்டிக்கொண்டே ஊர் வரலாற்றைத் திட்டுவதுபோலச் சொல்வாள். "மொதல்ல வலை காயப்போட்ட மணலு. அப்பால கம்பெனிக்காரன் வந்து பாதிய வளைச்சுகினான். எங்கியோ கடலுக்குள்ள கல்லு கொட்னானுங்க, கடலு இந்தாண்ட திரும்பி ரெண்டு தெருவ முழுங்கிச்சு. மிச்சம் நாங்க."

மிச்சமிருந்தவர்களில் பாதிப் பேர் கடலுக்கும் பாதிப் பேர் அந்தக் கம்பெனியின் ஆலைக்கும் போனார்கள். இரு தரப்பும் காலையில் குழாயடியில் கட்டிப் புரண்டு, சாயங்காலம் ஒரே பந்தியில் சாப்பிட்டன. நண்டுமேட்டில் குரலைத் தாழ்த்துவது கோள் சொல்லும்போது மட்டும்தான்.

ஆலை மூடியது. அந்த நிலத்தில் அடுக்ககம் எழுந்தது. நடுவே ஓடிய பாதைதான் ஊர் சுடுகாட்டுக்கும் வழி. ஆலைக்காரன் ஒருநாளும் அதை அடைத்ததில்லை. அடுக்ககத்தார் அதையே தங்கள் வாசலாக்கி, தண்டவாளத்தில் உருளும் இரும்புக் கதவு போட்டார்கள்.

போன மாதம் செங்கொடியின் புருஷனுக்கு அண்ணன் மண்ணாங்கட்டி செத்துப்போனார். பறையடித்துப் பாடை வந்தபோது கதவு மூடியிருந்தது. காவலுக்கு நின்ற பையன் டென்னிஸ், நண்டுமேட்டுக்காரன்தான்.

"மேலேருந்து ஆர்டர்க்கா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றான், தலையைத் தூக்காமல்.

அவனை அவள் திட்டவில்லை. அடுக்ககச் சங்கச் செயலாளர் கிருஷ்ணப்பன் வந்தார். "மெயின் ரோட்டைச் சுத்திப் போயிடுங்கம்மா. உள்ளே குழந்தைங்க விளையாடுறாங்க, பயந்துடுவாங்க."

கன்டெய்னர் லாரிகள் நெருக்கியடித்து ஓடும் சாலை அது. உச்சி வெயிலில் பாடை தோள் மாறியது. செங்கொடி கிராம்பைக் கடித்துத் துப்பினாள்.

"கம்பெனில ஸ்ட்ரைக்கு நடந்தப்போ இங்க போலீசு லத்தியோட நின்னான். அவனே பொணத்துக்கு வழி உட்டான்யா! செத்தவன் உன் புள்ளையக் கடிச்சிடுவானா?"

அவள் தன் ஆட்டோவைக் கொண்டுவந்து கதவுக்குக் குறுக்கே நிறுத்தி, உள்ளே உட்கார்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து வெளியேற வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று அலறின. கார்க்காரர்கள் இறங்கிவந்து கிருஷ்ணப்பனையே பிடித்துக்கொண்டார்கள். கதவு உருண்டு திறந்தது.

பாடைக்கு வழிவிட்டு ஒதுங்கியவள், அது உள்ளே போனதும் வண்டியைக் கதவு உருளும் தண்டவாளத்தின்மேல் ஏற்றி நிறுத்தினாள். பக்கத்தில் கார் போக இடமிருந்தது. கதவு மூடத்தான் இடமில்லை.

சுடுகாட்டு வேலை முடிந்து, ஆண்கள் கடலில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு அதே வழியாகத் திரும்பினார்கள். கிருஷ்ணப்பன் பொறுமையாகக் கேட்டார்: "எல்லாரும் வந்தாச்சுல்ல? வண்டிய எடுங்க. கேட்டை மூடணும்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் மூடித்தாம்மா இருக்கும்."

செங்கொடி ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டி, வண்டியிலிருந்து சாவியை உருவினாள். அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு, மதிலோரம் கறுத்துக் கிடந்த கால்வாய்க்குள் விட்டெறிந்தாள்.